பென்சிலைக் கடைசியாக எடுங்கள்: அங்கன்வாடிக்குப் போகும் தன்னார்வலருக்கு

அங்கன்வாடியில் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே சிலேட்டும் சாக்பீஸும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். மூன்று மாதத்தில் உயிரெழுத்து முழுவதையும் எழுத வைத்துவிட வேண்டும் என்று கணக்கு. பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள், கையைப் பிடித்து இழுத்தால் யாரும் எழுதலாம். ஆனால் ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் உட்காரும்போது அந்த உருவங்கள் எந்த ஒலியோடும் ஒட்டாமல் கோலம் மாதிரி நிற்கும். வாசிக்கச் சொன்னால் பிள்ளை வாயைத் திறக்காது. ஐந்து வயதுக்குள் பிள்ளைக்கு வேண்டியது நிறையப் பேசுவதும், கதை கேட்பதும், சொல்லுக்குள் இருக்கும் ஒலியைப் பிரித்துக் கேட்பதும், அச்சில் இருக்கும் கோடு ஏதோ சொல்கிறது என்று புரிவதும்தான். எழுதுவது அதற்கப்புறம்.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடப்பவை. சத்துமாவு, எடை பார்ப்பது, தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு டீச்சரும் ஒரு ஆயாவும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு நடுவில்தான் முன்பருவக் கல்வி. டீச்சருக்குக் கதை சொல்லத் தெரியாமல் இல்லை. மத்திய அரசின் ‘போஷன் டிராக்கர்’ செயலியில் மையத்தின் அன்றாடப் பதிவு போட்டு முடிப்பதற்குள் பதினொன்றரை ஆகிவிடுகிறது. உங்களால் அவருக்குக் கிடைக்கப்போவது பன்னிரண்டு வாரம், வாரத்தில் இரண்டு நாள், முக்கால் மணி நேரம், கூடுதலாக ஒரு ஆள். அதைத் தாண்டி, மையத்தையே திருத்தி அமைக்கிற மாதிரி நடந்துகொண்டால் இரண்டாவது வாரமே உறவு கசந்துவிடும்.

அனுமதியும் எல்லையும்

நேராக மையத்துக்குப் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. உங்கள் வட்டாரத்துக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள்: எந்த மையம், எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன செய்யப்போகிறீர்கள். ஆதார் நகல் இணையுங்கள். போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்காவிட்டாலும் வாங்கி வைத்திருப்பது நல்லது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருக்கும் மையங்களில் 2019 முதல் எல்கேஜி, யுகேஜி நடக்கிறது (தொடக்கத்தில் 2,381 மையங்கள்). அங்கே தலைமையாசிரியரிடமும் சொல்ல வேண்டியிருக்கும்.

கடிதம் போவதற்கு முன்பே டீச்சரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். மேலிடத்து உத்தரவோடு வந்து நிற்கிற ஆளுக்கும், ‘அக்கா, உங்களுக்கு எந்த நேரம் தோதுப்படும்?’ என்று கேட்டு வருகிற ஆளுக்கும் கிடைக்கும் வரவேற்பு வேறு.

சில விஷயங்களில் விட்டுக்கொடுக்க இடமில்லை. எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்கக் கூடாது. கழிப்பறைக்கு ஆயாதான் கூட்டிப் போக வேண்டும். மருந்தும் மிட்டாயும் கொடுக்காதீர்கள். பிள்ளையின் முகம் தெரியும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள், டீச்சரே எடுத்து அனுப்பினாலும் சரி.

எந்த நேரம், எத்தனை பேர்

காலை பத்து முதல் பதினொன்று வரை சரியான நேரம். அதற்கு முன் போனால் பாதிப் பிள்ளைகள் வந்திருக்க மாட்டார்கள், வந்தவர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். சாப்பாட்டு வாசனை வர ஆரம்பித்த பிறகு எந்தக் கதையும் எடுபடாது. சாப்பிட்ட பின் தூக்கம்.

ஒரே அறையில் இரண்டு வயதும் ஐந்து வயதும் கலந்திருக்கும். இருபது பேரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் நடத்தப் பார்ப்பதுதான் பலர் சறுக்கும் இடம். ஐந்து நிமிடம் எல்லாருக்கும் பாட்டும் ஆட்டமும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் எல்லாருக்கும் ஒரு கதை, இடையில் எழுந்து போகும் இரண்டு வயதுக்காரர்களைத் தடுக்க வேண்டாம். அதன் பிறகு நான்கு வயதைத் தாண்டியவர்களை ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பத்து நிமிடம். மற்றவர்கள் அந்த நேரத்தில் களிமண்ணோ கட்டைகளோ வைத்து விளையாடட்டும். எல்லாக் குழுவையும் ஒரே நாளில் முடிக்க முடியாது. இன்றைக்கு இரண்டு குழு, வியாழக்கிழமை மீதி.

அரசின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டம் மாதத்துக்கு ஒரு கருப்பொருள் என்று போகிறது. இந்த மாதம் காய்கறியா, வாகனமா, விலங்கா என்று டீச்சரிடம் கேட்டு அதற்கேற்ற புத்தகத்தை எடுங்கள். அவர் ஏற்கெனவே சொன்ன சொற்களை நீங்கள் மறுபடி சொல்வதே பெரிய உதவி.

முதல் வேலை: பெயர் அட்டை

பழைய காலண்டர் அட்டையை 10 செ.மீ. உயரம், 25 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். கறுப்பு மார்க்கரில், எழுத்து ஐந்து செ.மீ. உயரம் இருக்கும்படி பிள்ளையின் பெயர். இடது ஓரத்தில் அடையாளத்துக்கு ஒரு சின்னப் படம், ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறாக: குடை, மாங்காய், ஆட்டோ. பூ வேலைப்பாடு, நிழல் எழுத்து, வண்ண வண்ண எழுத்து எதுவும் வேண்டாம். எழுத்தின் வடிவம் கண்ணில் நிற்க வேண்டுமே.

காலையில் வந்ததும் அட்டைக் குவியலிலிருந்து தன் அட்டையை எடுத்துக் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டுவதுதான் வருகைப் பதிவு. முதல் இரண்டு வாரம் படத்தைப் பார்த்து எடுப்பார்கள். பிறகு படத்தை மடித்து மறைத்துவிடுங்கள். பெயரின் நீளத்தை வைத்தும் முதல் எழுத்தை வைத்தும் கண்டுபிடிக்கத் தொடங்குவார்கள். ‘தர்ஷினி’யும் ‘தருணும்’ ஒருவர் அட்டையை மற்றவர் எடுத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை உங்களுக்கு லாபம். இரண்டு அட்டையையும் மேலும் கீழுமாகப் பிடித்து, ‘எங்க வரைக்கும் ஒரே மாதிரி இருக்கு, எங்க மாறுது?’ என்று கேளுங்கள். எழுத்தைக் கவனிக்க இதைவிட நல்ல காரணம் அந்த வயதில் கிடைக்காது.

இதில் ஒரு நெருடல் உண்டு. இன்றைய பெயர்களைப் பாருங்கள்: ஹரிணி, ஜஷ்வந்த், ரித்திஷ், ஸ்ரீநிதி. பாடப் புத்தகத்தில் கடைசியில் வரும் கிரந்த எழுத்துதான் பிள்ளைக்கு உலகத்திலேயே முக்கியமான எழுத்து. அதனால் என்ன? ‘ஹ’வை முதலில் தெரிந்துகொண்டால் ஒன்றும் கெட்டுவிடாது. எழுதச் சொல்லப்போவதில்லையே, அடையாளம் காண்பதுதான். வீட்டில் கூப்பிடும் பெயர் ‘பாப்பா’, ‘குட்டி’ என்றே இருந்து, பதிவேட்டுப் பெயர் பிள்ளைக்கே தெரியாமலும் இருக்கும். முதல் வாரம் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

கதை வாசிப்பது

பன்னிரண்டு வாரத்துக்கு ஆறு புத்தகம் போதும். கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஐம்பது புத்தகம் நன்கொடையாக வாங்கி அலமாரியில் அடுக்குவார்கள். ஒரே புத்தகத்தை நான்கு முறை கேட்கும் பிள்ளைதான் அதிலிருக்கும் சொல்லைத் தன் சொல்லாக்கிக்கொள்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் ஒரு புத்தகத்துக்கு இரண்டு வாரம்.

எட்டிலிருந்து பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒன்று அல்லது இரண்டு வரி, திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியம், ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் தெரியும் படம். இந்த நான்கும் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமம் என்பதால் பதிவிறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். ஏ3 தாளில் வண்ண அச்சு எடுத்து, ஓரத்தில் துளை போட்டு நூலால் கட்டினால் பெரிய புத்தகம் தயார். லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டால் பளபளத்து, பாதிப் பேருக்குப் படமே தெரியாது. ஓரங்களுக்கு மட்டும் செல்லோ டேப் ஒட்டினால் கிழியாது.

உட்காரும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. வெளிச்சம் புத்தகத்தின் மேல் விழ வேண்டும். நாற்காலி வேண்டாம், மணை போதும். புத்தகத்தை மடியில் வைத்துத் தலைகீழாக வாசிப்பதை விட்டுவிட்டு, தோளுக்குப் பக்கத்தில் பிள்ளைகளைப் பார்க்கும்படி பிடித்து ஓரக்கண்ணால் வாசியுங்கள். வரியை முதல் நாளே மனப்பாடம் செய்துவிட்டால் இது எளிது.

முதல் முறை வாசிக்கும்போது அட்டையைக் காட்டித் தலைப்பை விரல் வைத்து இடமிருந்து வலமாகப் படியுங்கள். பிறகு நிறுத்தாமல் கடைசி வரை. இரண்டாம் முறை ஒவ்வொரு பக்கத்திலும் பேச்சு. மூன்றாம் முறை திரும்ப வரும் வாக்கியத்தைப் பிள்ளைகள் சொல்வார்கள், நீங்கள் விரலை ஓட்டினால் போதும். நான்காம் முறை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நடிப்பு.

அந்த இரண்டாம் முறைதான் உயிர்நாடி. நம் பாட்டிமார் கதையில் கேட்பவர் ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தால் போதும். இங்கே பிள்ளை கதையை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட உரையாடல் வாசிப்பு முறை இதைத்தான் சொல்கிறது: கேள், ஏற்றுக்கொள், நீட்டு, திரும்பச் சொல்ல வை. வேலிக்குள் ஆடு நிற்கும் ஒரு படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

‘ஆடு எங்க நிக்குது?’
‘உள்ள.’
‘ஆமா கண்ணு, வேலிக்கு உள்ள நிக்குது. எப்படி உள்ள போயிருக்கும்?’
‘தாவி!’
‘வேலியைத் தாவிக் குதிச்சு உள்ள போயிருக்கு. எங்க, நீ சொல்லு?’
‘வேலியத் தாவி… உள்ள போச்சு மிஸ்.’

ஒரு சொல்லாக இருந்தது நான்கு சொல்லானது. அவ்வளவுதான் வேலை. ‘இது என்ன?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் ‘ஆடு, மாடு, மரம்’ என்று ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும். ‘ஏன்’, ‘எப்படி’, ‘அப்புறம் என்ன ஆகும்’, ‘உங்க வீட்டுல?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு ஐந்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லைத் தேடி எடுக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். நாமோ இரண்டாவது நொடியிலேயே பதிலையும் சொல்லிவிடுகிறோம்.

அச்சில் ‘சென்றது’ என்று இருந்தால் என்ன செய்வது? ‘சென்றது’ என்றே வாசியுங்கள். பிறகு பேச்சில், ‘ஆடு உள்ள போச்சாம்’ என்று சொல்லுங்கள். எழுத்துத் தமிழையெல்லாம் பேச்சாக மாற்றி வாசித்துவிட்டால், அந்த நடையைப் பிள்ளை முதன்முதலில் கேட்பது ஒன்றாம் வகுப்புப் பாடத்தில்தான் என்றாகிவிடும். புத்தகம் வேறு மாதிரி பேசும் என்பது மடியில் உட்காரும் வயதிலேயே காதில் விழட்டும். ஆனால் பிள்ளை பேசும்போது ‘பளம்’ என்றால் ‘தப்பு, பழம்னு சொல்லு’ என்று நிறுத்த வேண்டாம். ‘ஆமா, பழம் விழுந்திடுச்சு’ என்று சரியாகச் சொல்லிக்கொண்டே நகருங்கள். திருத்தினால் அடுத்த முறை பேசாது. வீட்டில் தெலுங்கோ உருதுவோ இந்தியோ பேசும் பிள்ளை அந்த மொழியில் பதில் சொன்னால் ஏற்றுக்கொண்டு, அதையே தமிழில் திருப்பிச் சொல்லுங்கள்.

காதுக்குள் எழுத்து

கை தட்டிச் சொல்லைப் பிரிக்கும் விளையாட்டு எளிதாகத் தெரியும். பெரியவர்களுக்குத்தான் இதில் தடுமாற்றம். ‘மரம்’ என்றால் எழுதத் தெரிந்தவர் ம-ர-ம் என்று மூன்று தட்டு தட்டிவிடுவார், கண்ணில் மூன்று எழுத்து ஓடுவதால். வாயில் அது ம-ரம், இரண்டு தட்டுதான். அம்-மா இரண்டு. பள்-ளி இரண்டு. வா-ழைப்-ப-ழம் நான்கு. புள்ளி வைத்த எழுத்துக்குத் தனித் தட்டு கிடையாது. முன்னால் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். (யாப்பு படித்தவர்கள் அசையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே மரம் ஒரே நிரையசை.) வீட்டிலேயே இருபது சொல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். பிள்ளைகளின் பெயரில் தொடங்கினால் அவர்களே மற்ற சொற்களைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

தட்டு பழகியதும் எதுகை. ‘பட்டம், வட்டம், கட்டம்… அப்புறம்?’ என்று நிறுத்துங்கள். ‘மட்டம்’ வரலாம், ‘ஙட்டம்’ என்று ஒருவன் அர்த்தமில்லாமல் உளறலாம். அதற்கும் கைதட்டுங்கள், ஒலி சரிதானே.

நான்கரை வயதை ஒட்டியவர்களுக்கு முதல் ஒலி. ஒரு கூடையில் கல், கயிறு, கரண்டி, பழம், பஞ்சு, படம் போட்டு, ‘க’வில் தொடங்குவதை ஒரு பக்கம், ‘ப’வில் தொடங்குவதை ஒரு பக்கம் பிரிக்கச் சொல்லுங்கள். காசையும் காகிதத்தையும் ‘க’ கூட்டத்தில் சேர்க்காதீர்கள். பிள்ளையின் காதுக்கு ‘கா’ வேறு ஒலி. பொம்மை பஸ்ஸும் வேண்டாம். பஸ், படம் இரண்டையும் நாம் ஒரே ‘ப’ போட்டு எழுதுகிறோம். வாயில் இரண்டும் வேறு. பிள்ளை ‘ரெண்டும் ஒண்ணு இல்ல’ என்று சொன்னால் அது சரியாகக் கேட்டிருக்கிறது என்று பொருள்.

சுவரில் தொங்கும் அட்டவணை

எல்லா மையத்திலும் உயிரெழுத்துப் படம் ஒன்று தொங்கும். ஓ-வுக்கு ஓடம் இருக்கும், பிள்ளை ‘போட்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும். உ-வுக்கு உரல், ‘கிரைண்டர்’ என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை. ஔ-வுக்குத் தடியூன்றிய கிழவி, ‘பாட்டி’தான். படத்துக்கும் எழுத்துக்கும் தொடர்பு அறுந்து, ராகம் மட்டும் மிஞ்சும். ராகத்தைப் பாடட்டும், கெடுதல் இல்லை. ஆனால் எழுத்தைப் பழக்க வேறு பொருட்கள் பக்கத்திலேயே இருக்கின்றன: பால் பாக்கெட், பிஸ்கட் கவர், பஸ்ஸின் பெயர்ப்பலகைப் படம். ‘ஆவின்’ என்று எழுதியிருக்கும் பாக்கெட்டைக் காட்டினால் ‘பால்’ என்று சொல்வார்கள். அதுதான் வாசிப்பின் முதல் படி. பாக்கெட்டை நறுக்கி ‘ஆ’வை மட்டும் காட்டி, ‘ஆர்த்தி பேர்லயும் இது இருக்கா பாரு’ என்று அட்டையோடு பொருத்துங்கள்.

அடையாளம் காட்ட எழுத்துகளை வரிசையில் எடுக்க வேண்டியதில்லை. ட, ப, ம வடிவத்தில் எளியவை, படம், பட்டம் என்று உடனே சொல்லாகவும் ஆகின்றன. வாரத்துக்கு ஒன்று, பெரிய பிள்ளைகளுக்கு மட்டும். கெ, கே, கை போல ஒலியில் பின்னால் வருவது கண்ணில் முன்னால் நிற்கும் எழுத்துகளை ஒன்றாம் வகுப்புக்கு விட்டுவிடுங்கள்.

விரலுக்கு வேலை

பென்சில் பிடிக்கக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் வலு வேண்டும். பழைய நாளிதழைக் கிழிப்பது, துணி கிளிப்பை அழுத்தித் திறப்பது, களிமண் உருட்டுவது, சிமென்ட் தரையில் பெயின்ட் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துப் பெரிதாக வளைவு போடுவது எல்லாம் அதற்குத்தான். களிமண் கிடைக்காத ஊரில் இரண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் தூள் உப்பு, முக்கால் டம்ளர் தண்ணீர், இரண்டு ஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பிசையலாம். மூடிய டப்பாவில் மூன்று நான்கு நாள் தாங்கும். மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். கொஞ்சம் மாவு சேர்த்தால் சரியாகும். கையில் புண் இருக்கும் பிள்ளைக்கு எரியும், கொடுக்காதீர்கள்.

எழுத்தின் மேல் புளியங்கொட்டை அடுக்கச் சொல்வது பார்க்க அழகு. ஆனால் கொட்டை மூக்குக்குள் போகும், காதுக்குள் போகும், தொண்டையிலும் சிக்கும். இரண்டு வயதுப் பிள்ளை நடமாடும் அறையில் மூன்றரை செ.மீ.க்குச் சிறிய எதையும் எடுக்காதீர்கள். பாட்டில் மூடியும் இந்தக் கணக்கில் அடங்கும்.

வீடும் குறிப்பேடும்

‘ஏபிசிடி சொல்லித் தரலையா? ஹோம்வொர்க் இல்லையா?’ என்று பெற்றோர் கேட்பார்கள். பக்கத்துத் தனியார் பள்ளியின் எல்கேஜி நோட்டு அவர்கள் கண்ணில் இருக்கிறது. விளக்கம் சொல்லிப் பயனில்லை. ஒரு நாள் கதை நேரத்துக்கு அழைத்து ஓரமாக உட்கார வையுங்கள். தன் பிள்ளை கதையைத் திருப்பிச் சொல்வதைப் பார்த்த பிறகு கேள்வி குறையும். மாதத்தில் ஒரு நாள் ஒரு பாட்டியையோ தாத்தாவையோ கூப்பிட்டுக் கதை சொல்லச் சொல்லலாம்.

புத்தகத்தை வீட்டுக்கும் அனுப்பலாம். துணிப்பையில் ஒன்று, இரண்டு இரவு, ஒரு நோட்டில் பெயர். படிக்கத் தெரியாத வீட்டுக்கு எழுத்தே இல்லாத படக்கதை. கிழிந்து வந்தால் பிள்ளை எதிரிலேயே டேப் ஒட்டுங்கள். திட்டினாலோ காசு கேட்டாலோ அடுத்த வாரம் பை அலமாரியின் மேல் பத்திரமாக இருக்கும், யாரும் தொட மாட்டார்கள்.

உங்களுக்கென்று ஒரு குறிப்பேடு. முதல் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் நான்கு வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் நான்கு கேள்வி: புத்தகத்தை நேராகப் பிடிக்கிறதா, எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது என்று காட்டுகிறதா, தன் பெயர் அட்டையை எடுக்கிறதா, கேட்ட கதையில் மூன்று வாக்கியமாவது சொல்கிறதா. மதிப்பெண் வேண்டாம், தேதி போட்டு ஒரு வரி. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை, காதில் சீழ் வடியும் பிள்ளை, மூன்று வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளை இருந்தால் டீச்சரிடம் தனியாகச் சொல்லுங்கள். அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் அவர் காட்டுவார். பெற்றோரிடம் நீங்களாக நோயின் பெயர் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்.

முடிக்கும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். வரப்போகும் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காகித வளையம் கோத்துத் தொங்கவிட்டு, வரும்போதெல்லாம் ஒன்றைக் கிழியுங்கள். ஆறு புத்தகமும் கூடையும் மையத்திலேயே இருக்கட்டும், எந்தப் பக்கத்தில் என்ன கேட்பது என்று பென்சிலால் பின்னட்டையில் எழுதி வைத்தால் டீச்சருக்கு உதவும். பெயர் அட்டைகளை மட்டும், ஒன்றாம் வகுப்புக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புங்கள். மடங்காமல் இருக்க இரண்டு காலண்டர் அட்டைக்கு நடுவில் வைத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுங்கள்.